இரவல் ஈரல்

"மாத்திரையை நிறுத்தப் போறேன் சாமி. சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

சொரிமுத்து இப்படிக் கேட்டபோது, மலையடிவார மடத்தில் வாழைக்காய்ச் சாமி வாழைக்காய் அரிந்துகொண்டிருந்தார். குருவுக்குச் சீடனைவிட வயது கம்மி. அவர் அரியும் வில்லை வழியாக நிலாவைப் பார்த்தவர்கள் உண்டு. சாட்சி சொல்லத்தான் ஆள் கிடைக்காது.

சாமி அரிவாள்மணையை அவன் பக்கம் தள்ளினார்.

சொரிமுத்து தயங்கினான். பிறந்ததிலிருந்து கத்தி தொடாத கை. அவன் தாய்வழி ஆண்களுக்கு ரத்தம் உறையாது. முள் குத்தினாலே படுக்கைதான். போதாக்குறைக்கு ஈரலும் கெட்டது. செத்துப்போன ஒரு பையனின் ஈரலை எடுத்து இவனுக்கு வைத்தார்கள். ரத்தத்தை உறைய வைக்கும் சரக்கு ஈரலில்தான் தயாராகிறதாம். புது ஈரல் வந்ததும் பழைய நோய் ஓடிவிட்டது. அந்த ஈரலை உடம்பு தள்ளிவிடாமலிருக்கத்தான் தினமும் மாத்திரை.

அரிய உட்கார்ந்தவன் இரண்டாவது வில்லையிலேயே விரலை அரிந்துகொண்டான்.

பழக்கம் விடுமா? கட்டைவிரலால் காயத்தை இறுக அழுத்தி, பஸ்ஸை நிறுத்துகிறவன் மாதிரி கையைத் தலைக்கு மேலே தூக்கினான். அப்படியே இருந்து பேசினான்.

மகளுக்கு அவன் கொடுத்ததில் அந்த நோயும் இருந்தது. அவள் வழியாக அது பேரனுக்குப் போனது. போன மாதம் சின்னவன் ஊஞ்சலிலிருந்து விழுந்தான். தலைக்குள் கசிந்த ரத்தம் நிற்கவே இல்லை. ஊசி மருந்து வந்து சேர்வதற்குள் பிள்ளை போய்விட்டான்.

"பக்கத்துலதான் சாமி உக்காந்திருந்தேன். இந்த ஈரல் அவனுக்கு வாய்ச்சிருந்தா பொழச்சிருப்பான். கெழவன் எனக்குள்ள கெடக்கு. எதுக்கு?"

சாமி இன்னொரு வாழைக்காயை எடுத்துத் தோல் சீவினார்.

"யாரு ஈரல் அண்ணாச்சி இது?"

"ஒரு காலேஜ் பையன்து. பேரு சொல்ல மாட்டாவ."

"அவனுக்கு ரத்தம் உறையுமா?"

"ஏன் உறையாது? நல்லா உறையும்."

"எப்படிச் செத்தான்?"

"பைக்கிலேர்ந்து விழுந்து…"

சொரிமுத்து நிறுத்தினான்.

"தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சு, சாமி."



தூக்கிய கை கடுத்தது. மெல்ல இறக்கி, கட்டைவிரலை எடுத்துப் பார்த்தான். ரத்தம் எப்போதோ நின்றிருந்தது.

சாமி தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைத்தார்.

சொரிமுத்து மடியிலிருந்து மாத்திரையை எடுத்து வாயில் போட்டான். சொம்புத் தண்ணீரைக் குடித்து அதை விழுங்கினான்.