ஜமீன்தார் குடையும் நிலாக் குடையும்

கிரகணத்தன்று காடனேரி அரண்மனையில் சூரியன் ஒரு கீற்று மிஞ்சத்தான் மறைந்தது. நாலு காதம் தெற்கே சாத்தம்பட்டியிலோ முழுசாக மறைந்து, பட்டப்பகலில் நட்சத்திரம் தெரிந்ததாம். சேதி கேட்ட ஜமீன்தாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"எனக்குக் குறை, என் குடியானவனுக்கு முழுசா? பொய் சொன்ன ஊருக்கு இனிமேல் வாய்க்கால் தண்ணீர் கிடையாது!"

அவருக்குக் குடை பிடிக்கும் மாசானம் சாத்தம்பட்டிக்காரன். அரண்மனைக் குடை நிழல் வேறு யார் மேலும் முழுசாக விழக்கூடாது என்பது வழக்கம். அதனால் எப்போதும் ஓரத்தில்தான் நிற்பான்.

"மகராசா, இப்ப குடை நிழல் உங்க மேல முழுசா விழுது. எனக்குப் பாதி உடம்பு வெயில்ல காயுது. தள்ளி நிக்கிற காரியஸ்தருக்கு நிழலே இல்ல. ஆனா குடை ஒண்ணுதானே? சூரியனை மறைக்கிற குடை நிலா. அன்னைக்கு நடு நிழல் எங்க ஊர்ல விழுந்துச்சு, ஓர நிழல் இங்க விழுந்துச்சு."

ஜமீன்தார் அவனுடைய வெயில்பட்ட தோளைப் பார்த்தார். வியர்த்து நின்ற காரியஸ்தரையும் பார்த்தார். ஆனாலும் விடவில்லை.

"நடு நிழல் என் மேல் அல்லவா விழுந்திருக்க வேண்டும்?"

"விழுந்திருக்கணும் மகராசா. அந்தக் குடையைப் பிடிக்கிறவனுக்கு ஜமீன்தார் யாருன்னு தெரியலையே!"

காரியஸ்தர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ஜமீன்தார் அப்புறம் வாய்க்கால் பேச்சையே எடுக்கவில்லை.