போகிற தண்ணீருக்குக் கூலி

ஒரு மேட்டுத் தெரு. அங்கே தரையும் பேசும், வடிகாலும் பேசும். மழைக்கோ வாய் ஓயவே ஓயாது. மேட்டில் கோமதிநாயகத்தின் மாடிவீடு. தெரு முடிகிற பள்ளத்தில் மாரிச்செல்வியின் ஓட்டுவீடு. அவளுக்குப் பிள்ளை பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. உத்திரத்தில் சேலையைக் கட்டித் தூளி போட்டிருந்தாள்.

கோமதிநாயகத்துக்குச் சேறு என்றாலே ஆகாது. வாசல், கொல்லை, சந்து என்று ஒரு சாண் மண் விடாமல் சிமெண்ட் பூசிவிட்டார். அதைப் பார்த்து அக்கம்பக்கத்திலும் பூசினார்கள். அந்தச் சிமெண்ட் தரைக்கு வந்ததே ஒரு பெருமை! மழை வந்து, "கொஞ்சம் இறங்கிக்கிடட்டுமா?" என்று கேட்டால், "போ போ, கீழ பாரு" என்று விரட்டும். மழையும் பாவம், தெருவோர வடிகாலின் தலையில் ஏறிக்கொள்ளும்.

வடிகால் எத்தனை காலம்தான் சும்மா சுமக்கும்? ஒரு மத்தியானம் எழுந்து வந்து, நீண்ட ஈரக்கையால் அவர் கூரையையும் தரையையும் அளந்து பார்த்துவிட்டுக் கதவைத் தட்டியது.

"ஐயா, தண்ணிக் கூலி குடுங்க."

"என்னவே அநியாயமா இருக்கு! நான் போர் போட்டிருக்கேன். ஊர்த் தண்ணி ஒரு சொட்டு வாங்குததில்ல."

"வாங்குத தண்ணிக்கு இல்லய்யா. நீங்க விடுத தண்ணிக்கு."

"எதுத்த பங்களாக்காரன் என்னவிடப் பெரிய ஆளு. அவங்கிட்ட மட்டும் என்னத்துக்குக் கம்மியா வாங்கின?"

"நான் ஆளையா சுமக்கேன்? அங்க மாமரத்தடி மண்ணு குடிச்சது போக மிச்சம்தான் எங்கிட்ட வருது. நீங்களும் மண்ணைத் திறந்துவிட்டா உங்களுக்கும் குறைப்பேன்."

"ஐயய்ய, சேறா? இந்தா, காசைப் பிடி!"

அந்தக் காசில் வடிகால் தொண்டையில் அடைத்திருந்த குப்பையை வாரிப் போட்டது, உடைந்த விலாவைப் பூசிக்கொண்டது. சிமெண்ட் தரைக்கோ கொண்டாட்டம். "கூலி குடுத்தாச்சு. இனி எம்புட்டு விட்டாலும் கேக்க ஆளில்ல" என்று மினுங்கியது.

ஐப்பசி வந்தது. மழை நின்று பெய்தது. மறுநாள் காலையில் அதே மழை மூட்டமாக மாறி, மெல்ல மேடேறி வந்து தரையின் மேல் உட்கார்ந்தது. அதற்குக் குரலே எழும்பவில்லை.

"என்ன, கீழ இடம் கிடைச்சுதா?" என்றது தரை, நக்கலாக.

"கிடைச்சுது. மாரிச்செல்வி வீட்டுக்குள்ள. அடுப்பை அணைச்சேன். அரிசிப் பானையில ஏறினேன். தூளிக்கு அடியில போய் நின்னேன். பச்சப்புள்ள நிழலு எம்மேல ஆடுது. அவ தூளியைத் தூக்கித் தூக்கிக் கட்டுதா. உத்திரம் வந்துட்டு. அதுக்கு மேல கட்ட இடமில்ல."

"பொறவு?"

"வானம் வெறிச்சுது, புள்ள தப்பிச்சுது. இன்னும் கொஞ்சம் பெஞ்சிருந்தா நானே அதை..." மழை விம்மி அழுதது.

தரையின் மினுக்கம் மங்கிப்போயிற்று. "வடிகாலுக்குத்தான் கூலி குடுத்தமே!"

"கூலி வாங்கினா தெம்பு வரும். ராத்திரியோட ராத்திரியா தொண்டை பெருத்திருமா?" என்றது வடிகால், தெருவிலிருந்து.

அன்று கோமதிநாயகம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தபோது கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஐயா, மழை சொன்னதைக் கேட்டீரா? வாசல்ல என்னை உடைச்சிரும்."

"உன்னை எம்புட்டு ஆசையாப் பூசினேன்!"

"நல்லாத்தான் பூசினீரு. ஒரு சொட்டு இறங்கல. அதான் வினை."

அவர் கண்ணைத் திறந்தாரோ, கனவுக்குள்ளேயே எழுந்து போனாரோ, யாருக்குத் தெரியும்? கடப்பாரையை எடுத்து ஓங்கிப் போட்டார்.

"வலிக்கா?"

"வலிக்கு. நிறுத்தாதீரும்."

சிமெண்ட் பிளந்த இடத்தில் மண் கண் விழித்தது. அக்கம்பக்கத்துத் தரைகளும் ஒவ்வொன்றாக வழிவிட்டன. வடிகால் மறுபடி வந்து அளந்து, வாயெல்லாம் பல்லாகக் கூலியைக் குறைத்துவிட்டுப் போனது.

அடுத்த மழை ஒரு மத்தியானத்தில் பிடித்தது. மேட்டு வீடுகளின் மண் மடக்கு மடக்கென்று குடித்தது. பள்ளத்து வீட்டில் மாரிச்செல்வி பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, அலுப்பில் அப்படியே அசந்துபோனாள். மழை வந்து போனதே அவளுக்குத் தெரியாது.