சாத்தையாவின் வாய்க்கால் பங்கு

சாத்தையா வேலைக்குச் சோம்பல் படுகிறவர் இல்லை. வாயை மூடிக்கொண்டு இறங்கினால் இரண்டு ஆள் வேலையை ஒரே ஆளாகப் பார்த்துவிடுவார். அவர் வாயை மூடி நாங்கள் யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலை வருஷா வருஷம் நாங்களேதான் வெட்டிக்கொள்வோம். வீட்டுக்கு ஒரு ஆள். மூங்கில் கோலால் அளந்து, எல்லைக்கு எல்லை ஆவாரங்கொப்பை ஊன்றிவிட்டால் அது அந்த வீட்டுப் பங்கு. ஒருத்தர் பங்கில் இன்னொருத்தர் மண்வெட்டி வைக்கக் கூடாது. வைத்தால், 'உன் வீட்டில் நாதியில்லை' என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. பங்குக்காரரே வாயால் கூப்பிட்டால்தான் இறங்கலாம். கூப்பிடாமல் இறங்கிய ஒருத்தருக்கும் பங்குக்காரருக்கும் இன்றைக்கு வரைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அன்றைக்குப் பொழுது சாய மேலக் கண்மாயில் மடை திறப்பதாகப் பேச்சு. அதற்குள் வாய்க்கால் முழுக்கத் தெளிந்திருக்க வேண்டும். ஒரு இடத்தில் மேடு நின்றாலும் தண்ணீர் அங்கே முட்டி, கரை தாழ்ந்த பக்கமாகக் கீழப்பட்டிக்குப் போய்விடும். கீழப்பட்டிக்காரர்கள் நல்லவர்கள், வந்ததைக் கும்பிட்டு வாங்கிக்கொள்வார்கள். எங்கள் நாற்றுதான் நாற்றங்காலிலேயே கருகும்.

மதியக் கஞ்சிக்கெல்லாம் அவரவர் பங்கு முடிந்தது. சாத்தையா பங்கு மட்டும் கருவேல முள்ளும் மண்மேடுமாக அப்படியே கிடந்தது. அதற்கு அடுத்த பங்கு என்னுடையது. அதனால் எல்லாரையும்விட எனக்குத்தான் வயிற்றெரிச்சல்.

பேசிக்கொண்டே வெட்டுவதில் அவருக்குக் கஷ்டமில்லை. யாராவது சந்தேகம் கேட்டால்தான் வந்தது வினை. மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கரையேறி உட்கார்ந்து, விளக்கம் சொல்லி முடித்துத்தான் மறுபடி இறங்குவார். ஆகவே எல்லாரையும் கூட்டிவைத்துக் கெஞ்சினேன்.

"அவர் என்ன சொன்னாலும் ஆமான்னு சொல்லுங்க. ஒருத்தரும் கேள்வி கேக்காதீங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பஞ்சவர்ணம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். சாத்தையா அவளுக்குச் சித்தப்பா முறை. அவரை மடக்குவதில் அவளுக்கு ஒரு தனி ருசி. உடையப்பன், "நமக்கெதுக்குப் பொல்லாப்பு" என்று துண்டை விரித்துப் படுத்தான். அவனுக்குச் சாத்தையா மாமன் முறை.

சாத்தையா இறங்கினார். நாலு வெட்டு வெட்டினார். பிறகு சிரித்தார்.

"இதெல்லாம் ஒரு வேலையா? எங்க மாமியா ஊரு ஒடுவங்குடியில கண்மாய் வெட்டுனோம் பாருங்க, அதுக்குப் பேரு வேலை. வீட்டுக்கு ஒரு ஆள்னுதான் தமுக்கு அடிச்சாக. சனம் கேக்கலையே. வீட்டப் பூட்டிட்டுக் குடும்பத்தோட வந்துட்டாக. மாடு தானா அவுத்துக்கிட்டு வந்துருச்சு. பிரசவத்துக்கு வந்திருந்த புள்ள, பிரசவத்தத் தள்ளி வச்சுட்டு மம்பட்டியத் தூக்கிட்டு வந்துச்சு."

"ஆமா" என்றோம். அவர் கையும் ஓடிக்கொண்டிருந்தது.

"நிக்க எடமில்ல. அதனால தோள் மேல தோளா மூணு அடுக்கா நின்னோம். கீழடுக்கு வெட்டும், நடு அடுக்கு மண்ணு வாங்கும், மேலடுக்கு வெயிலுக்குக் கொடை பிடிக்கும்."

உடையப்பனால் தாங்க முடியவில்லை. படுத்தபடியே, "நீங்க எந்த அடுக்கு மாமா?" என்றான்.

மண்வெட்டி விழுந்தது. சாத்தையா கரையேறி உட்கார்ந்து வெற்றிலைப் பையை அவிழ்த்தார். நான் முறைத்த முறைப்பில் உடையப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

"நல்லாக் கேட்ட மாப்ள. நான் நாலாவது அடுக்கு. மேஸ்திரி."

அந்த வெற்றிலை மென்று முடிகிற வரைக்கும் காத்திருந்தோம். மறுபடி இறங்கினார்.

"சனம் வெட்டுன வேகத்துல ஆழம் போனதே தெரியல. மேலருந்து கஞ்சிப் பானையக் கயித்துல கட்டி எறக்குனா, கீழ வந்து சேர்றதுக்குள்ள அது புளிச்சு நீராகாரமாயிரும். அதுவும் ஒடம்புக்குக் குளிர்ச்சின்னு குடிச்சுக்கிருவோம். எஸ்டிமேட் போட ஓவர்சியர் வந்தாரு. ஆழம் பாக்க டேப்ப விட்டாரு. டேப் தீந்துருச்சு. அதுல வேட்டியக் கட்டி விட்டாரு. அதுவும் தீந்துருச்சு. அரணாக்கயித்தையும் அவுத்துக் கட்டி விட்டுப்புட்டு, வாழ எலையக் கட்டிக்கிட்டு பஸ் ஏறிப் போனாரு பாவம். மறுநாள் மேலருந்து ஆர்டர் வருது: 'மக்கள் பங்களிப்பு போதும், தயவுசெஞ்சு நிறுத்துங்க.' சனம் கேக்கலையே."

பஞ்சவர்ணத்தின் தோள் குலுங்கியது. முந்தானை வாயிலிருந்து நழுவியது.

"கஞ்சி எறங்கிருச்சு, சரி. வெட்டுன ஆளுக எப்படிச் சித்தப்பு ஏறுனாக?"

"அடிப் பாவி" என்று தலையில் கை வைத்தேன். அவர் அதற்குள் கரையில் இருந்தார்.

"ஏறல ஆத்தா. அங்கனயே பொண்ணு எடுத்துப் பொண்ணு குடுத்து, காது குத்திக் குடியிருந்தோம். கீழ ஒரு ரேஷன் கடை வேணும்னு மனுவும் போட்டோம். மனு மேல ஏறிக்கிட்டிருக்கு."

இப்படியே பொழுது இறங்கியது. வெட்டிய மண்ணைக் கொட்டி அது மலையாகிவிட்டதாம். பக்கத்து ஊருக்கு நடு மத்தியானமே இருட்டி, சோறு வடிக்கும் நேரத்திலேயே கோழியெல்லாம் கூட்டுக்குள் போய்விடுமாம். பல்லைக் கடித்துக்கொண்டு "ஆமா" என்றோம். முள்ளில் ஒரு பகுதி வெளியே வந்தது. எனக்குக் கொஞ்சம் நம்பிக்கையும் வந்தது.

"அப்புறம் அந்த ஊரு ரோட்டப் பாத்தேன்" என்றார் சாத்தையா, மண்ணை அள்ளி வீசிக்கொண்டே. "பாம்பு கணக்கா வளஞ்சு வளஞ்சு கெடக்கு. கவர்மெண்டு வந்து நேராக்கும்னு காத்திருந்தா ஆகுமா? ஊரே கூடி ஒரு முனையப் பிடிச்சோம். 'ஐலசா'ன்னு இழுத்த இழுப்புல ரோடு நூல் பிடிச்ச மாதிரி ஆயிருச்சு. ஆனா பாருங்க, வளஞ்சதை நேராக்குனா நீளம் மிஞ்சுமில்ல? மிஞ்சிப்போச்சு."

எல்லாரும் சும்மா இருந்தார்கள். உடையப்பன் கூடச் சும்மாதான் இருந்தான். இந்த இடத்தில் கேள்வி கேட்ட பாவி நான்தான். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன், வாய் கேட்டுவிட்டது.

"மிச்ச ரோட்ட என்னண்ணே செஞ்சீக?"

மண்வெட்டி விழுந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"சுருட்டிப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவத்துல சாத்தி வச்சிருக்கோம் தம்பி. கல்யாணம் காச்சின்னா பந்தல் வாசல்ல விரிச்சுக்கிருவோம். விசேஷம் முடிஞ்சதும் தட்டிச் சுருட்டி வச்சிரணும். இல்லேன்னா பஸ் வந்துரும்."

அப்போதுதான் மேற்கேயிருந்து சத்தம் கேட்டது. மடை திறந்தாயிற்று. வாய்க்கால் கரையோரமே ஆளுக்கு ஆள் கூவி எங்களுக்குச் சேதி சொன்னார்கள்.  "அண்ணே, ஒங்க காலப் பிடிக்கிறேன், எறங்குங்க" என்றேன். சாத்தையாவும் முகம் மாறி இறங்கத்தான் செய்தார். முள்தூரில் ஒரு வெட்டு விழுந்தது.

"அதெல்லாஞ் சரி, அம்புட்டுப் பெரிய கண்மாய் எப்படி மாமா நெறஞ்சுச்சு?" என்றான் உடையப்பன். கேட்ட பிறகுதான் அவனுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டான்.

சாத்தையா கரையேறினார். இந்தத் தடவை உட்காரக்கூட இல்லை, நின்றபடியே ஆரம்பித்தார்.

"மழ எங்க பெஞ்சுச்சு? ஒடுவங்குடியில ஒரு பொட்டு இல்ல. தூரத்துல அடுத்த சில்லாவுல மட்டும் ஊத்து ஊத்துன்னு ஊத்துது. சனம் மானத்தப் பாத்துக்கிட்டு நிக்கிது. நான் சொன்னேன், 'மழ வரலேன்னா என்ன, நாம போவோம்'னு. ஊரு பூராம் கரையச் சுத்தி நின்னு குனிஞ்சோம். கண்மாய அப்படியே அலுங்காமத் தூக்குனோம். தோள்ல வச்சு நடந்து போயி மேகத்துக்கு நேர் கீழ எறக்கி வச்சோம். நெறஞ்சுருச்சு. திரும்பத் தூக்கிட்டு வந்து எடத்துல வச்சோம்."

உடையப்பன் வாயைப் பொத்தியபடியே எழுந்து உட்கார்ந்தான்.

"தண்ணியோட தூக்கிட்டு வர்றோமில்ல, வழியில லேசாத் தளும்பி ஒரு எடத்துல சிந்திருச்சு." சாத்தையா கையை எங்கள் ஊர்ப் பக்கம் நீட்டினார். "சிந்துன தண்ணி ஒரு பள்ளத்துல தேங்கிக் கெடந்துச்சு. அதத்தான் நீங்க கண்மாய்னு பேரு வச்சுக் கும்பிட்டுக்கிட்டிருக்கீக."

எங்கள் கண்மாயைச் சொல்கிறார் என்று எங்களுக்கு உறைப்பதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. சருகும் நுரையுமாக ஒவ்வொரு பங்காகக் கடந்து ஓடிவந்து, சாத்தையா பங்கின் ஆவாரங்கொப்பைத் தாண்டி மேட்டில் முட்டி நின்றது.

எல்லாரும் எழுந்தோம். கையில் மண்வெட்டி இருக்கிறது, கால் நகரவில்லை. அவர் கூப்பிட வேண்டும். கூப்பிடுவதென்றால் 'என்னால் ஆகவில்லை' என்று ஊர் முன்னால் சொல்வதாகும். கண்மாயைத் தோளில் தூக்கிய மனிதர் அதை எப்படிச் சொல்வார்?

அவர் தண்ணீரைப் பார்த்தார். "பாத்தீகளாப்பா? தண்ணியே நின்னு கத கேக்குது."

யாரும் சிரிக்கவில்லை. தண்ணீர் ஏறி, கீழப்பட்டிப் பக்கத்துக் கரையை ஈரமாக்கியது. எனக்கு என் நாற்றைத் தவிர வேறு நினைப்பே இல்லை. பஞ்சவர்ணம் மெதுவாக, "கூப்பிடுங்க சித்தப்பு" என்றாள்.

சாத்தையா கரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டு குரலை உயர்த்தினார்.

"ஒடுவங்குடியில என் பங்குல மம்பட்டி வைக்கிறதுக்குச் சனம் போட்டி போடும். ஒருத்தருக்கும் நான் விட்டுக் குடுத்ததில்ல. போனாப் போகுது, நம்ம ஊருச் சனம் ஏக்கமாப் பாக்குறீக. இன்னைக்கு அந்தக் குடுப்பினைய ஒங்களுக்குத் தர்றேன். எறங்குங்கப்பா எல்லாரும்."

எப்படிச் சொன்னால் என்ன, கூப்பிட்டாயிற்று. நாங்கள் விழுந்தடித்து இறங்கினோம். உடையப்பன் முள்ளை வெறுங்கையால் இழுத்தான். மண்ணைக் கூடையில் அள்ளவில்லை, கையால் வாரி எறிந்தோம். சாத்தையா நடுவில் நின்று வெட்டிய வெட்டு இருக்கிறதே, அது நிஜமாகவே இரண்டு ஆள் வெட்டு. சேறும் தண்ணீருமாகக் கால் சந்தில் பாய்ந்து, வாய்க்கால் திறந்துகொண்டது. தண்ணீர் என் பங்குக்குள் ஓடியபோது எனக்கு வந்த சந்தோஷத்தில் கீழப்பட்டிக்காரனைக்கூடக் கட்டிப் பிடித்திருப்பேன்.

பிறகு கரையோரம் கைகால் கழுவிக்கொண்டிருந்தோம். சாத்தையா ஈரத் தலைப்பாகையைப் பிழிந்தபடி, "பரவால்ல, ஒடுவங்குடிக்குப் பாதியாவது வேல செய்றீக" என்றார்.

பஞ்சவர்ணம் மண்வெட்டியிலிருந்த சேற்றை வழித்துக்கொண்டே கேட்டாள்.

"சித்தப்பு, கண்மாயத் தூக்கிட்டு வந்தப்ப நீங்க எந்தப் பக்கம் பிடிச்சீக?"

"மடைப் பக்கம் ஆத்தா. அதானே கனம்."

"அப்ப வழியில யாரோ ஒங்களச் சந்தேகம் கேட்டிருக்காக. சிந்துனது அந்தப் பக்கந்தான்" என்றாள் அவள்.