முதல் சிரட்டைத் தண்ணீர்

ஆறுகளுக்கு அணை வராத காலம். அரசர்களுக்கு ஆசை மட்டும் வந்துவிட்ட காலம். அந்தக் காலத்தில் சேலையாறு என்று ஓர் ஆறு இருந்தது. அதன் கதையைச் சொல்கிறேன். சிறியவர்களும் கேளுங்கள், பெரியவர்களும் கேளுங்கள்.

சேலையாற்றில் ஆண்டுக்கு மூன்று மாதம்தான் தண்ணீர் ஓடும். மற்ற மாதங்களில் கரைக்குக் கரை வெள்ளை மணல், உலர்த்தப் போட்ட சேலை போலக் கிடக்கும். வழிப்போக்கர்கள் பார்த்துவிட்டு, "செத்த ஆறு" என்று சொல்லிப் போவார்கள். கரையில் வாழ்ந்தவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். மணலில் முழங்கை ஆழம் தோண்டினால் போதும், தண்ணீர் சுரக்கும். அந்தக் குழிக்கு ஊற்று என்று பெயர். தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்புவார்கள்.

ஆறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். கரையில் மூன்று ஊர்கள். மேற்கே மேலூர், நடுவே நடுவூர், கிழக்கே கீழூர். மூன்றுக்கும் ஒன்றோடொன்று ஆகாது. மேலூரின் கிடாயைக் கீழூர்க்காரர்கள் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்று ஒரு சண்டை. நடுவூர்க் கல்யாணத்தில் மேலூருக்குப் பந்தி பிந்தியது என்று ஒரு சண்டை. மூன்றாவது சண்டை எதற்கென்று அவர்களுக்கே மறந்துவிட்டது, ஆனாலும் விடவில்லை.

ஒரே ஒரு வழக்கத்தை மட்டும் மூன்று ஊரும் மீறியதில்லை. ஊற்றில் சுரக்கும் முதல் சிரட்டைத் தண்ணீர் தோண்டியவருக்குச் சேராது. தாகத்தோடு முதலில் வந்து நிற்பவருக்குத்தான் சேரும். வந்தவர் பகையாளியானாலும் சரி, பேர் தெரியாதவரானாலும் சரி. ஒருவரும் வராவிட்டால் சிரட்டையை ஓரமாக வைத்துவிடுவார்கள். குருவி குடித்துக்கொள்ளும்.

அந்த நாட்டை இளவேட்டன் என்ற அரசன் ஆண்டான். கெட்டவன் அல்ல, அவசரக்காரன். மூன்றடுக்கு மாளிகை ஒன்று கட்ட ஆசைப்பட்டான். அதற்குச் செங்கல் வேண்டும், சுண்ணாம்பு வேண்டும், மணல் வேண்டும். வேலையைத் திருமேனி என்ற அதிகாரியிடம் ஒப்படைத்தான். திருமேனி மாட்டுவண்டிகளை ஓட்டிக்கொண்டு கீழூர்த் துறையில் வந்து இறங்கினான்.

கீழூரில் கொப்பாயி என்றொரு பெண். எருமை வளர்த்துப் பிழைப்பவள். யாருக்கும் பயப்படாத வாய். அவள்தான் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, மணலை அள்ளினா தண்ணி போயிரும்."

"மணலுக்கும் தண்ணீருக்கும் என்னம்மா சம்பந்தம்? காய்ந்து கிடக்கிற குப்பையை அள்ளுகிறேன். உன் வாசலைக் கூட்டிக் கொடுத்த மாதிரி!" என்று திருமேனி சிரித்தான். வண்டிக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

சிரித்தவர்களுக்கும் தாகம் எடுத்தது. கீழூர்ப் பெண்கள் வழக்கத்தை விடவில்லை. அன்று முதல் ஒவ்வொரு காலையும் முதல் சிரட்டைத் தண்ணீர் வண்டிக்காரர்களுக்குத்தான் போனது.

கொப்பாயி நடுவூருக்குப் போனாள். "எங்க துறையிலயா அள்ளுறாங்க?" என்று அவர்கள் கதவைச் சாத்தினார்கள். அதோடு விட்டார்களா? தங்கள் மாடுகளை வண்டிகளுக்கு வாடகைக்கும் அனுப்பினார்கள்.

மேலூருக்குப் போனாள். ஊர்த்தலைவர் வீரமலை வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சொன்னார்: "கீழூருக்கு ஒரு கஷ்டம்னா எங்க வீட்ல பாயசம், தங்கச்சி."

தை மாதம் போயிற்று. கீழூர் ஊற்றுகள் வற்றின, வண்டிக்காரர்களுக்குக் கொடுக்கும் முதல் சிரட்டை மட்டும் எப்படியோ ஊறியது. மாசி பிறந்தது. நடுவூர் ஊற்றுகள் வற்றின. மாசி முடியுமுன்னே மேலூரிலும் மணல் காய்ந்தது. வீரமலை முழங்கை ஆழம் தோண்டினார், இல்லை. இடுப்பளவு தோண்டினார், இல்லை. ஆளுயரம் தோண்டினார், அடியில் பாறைதான் இருந்தது.

வெட்கத்தை விட்டு அவரே கீழூருக்கு நடந்து வந்தார். "எங்க துறையில ஒரு கைப்பிடி மணலைக்கூட எவனும் தொடலையே, தங்கச்சி! எங்க தண்ணி எங்கே போச்சு?"

"ஒரே சேலைதானே, அண்ணே? ஒரு முனையைப் பிடிச்சு இழுத்தா மறுமுனை மட்டும் அங்கேயே நிக்குமா? இங்கே பள்ளமாச்சு. உங்க தண்ணி இறங்கி வந்துருச்சு. பிடிச்சு வைக்க மணல் இல்லாம, வந்தது இங்கேயும் தங்கலே."

வீரமலை காய்ந்த ஊற்றைக் குனிந்து பார்த்தார். பிறகு கேட்டார்: "அந்தக் கிடாய்ச் சண்டையை என்ன பண்றது?"

"கிடாயை அப்பவே தின்னு தீர்த்துட்டோம். சண்டையை மட்டும் எதுக்கு அண்ணே கட்டிப்போட்டு வளர்க்கணும்?"

வீரமலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் சேர்ந்தே நடுவூருக்குப் போனார்கள். இந்த முறை கதவு திறந்தது.

மறுநாள் காலை மூன்று ஊரும் கீழூர்த் துறையில் கூடியது. கையில் கம்பு இல்லை, கல் இல்லை, கத்தி இல்லை. ஆளுக்கொரு சிரட்டை மட்டும் இருந்தது. வண்டிக்காரர்கள் எப்போதும்போல் தாகத்தோடு வந்தார்கள். பெண்கள் எப்போதும்போல் ஊற்றில் குனிந்து சிரட்டையால் சுரண்டி நீட்டினார்கள்.

"குடிங்க தம்பி. முதல் சிரட்டை உங்களுக்குத்தான். ஒருநாளாவது இல்லேன்னு சொல்லியிருக்கோமா?"

வண்டிக்காரர்களில் மூத்தவன் சங்கிலி. அவன் சிரட்டையை வாங்கிப் பார்த்தான். உள்ளே மணல். அடுத்தவள் நீட்டினாள். அதிலும் மணல். மூன்றாமவள் நீட்டினாள். அவன் வாங்கவில்லை. திரும்பிப் போய் மாடுகளை அவிழ்த்துவிட்டான். மற்றவர்களும் அவிழ்த்தார்கள்.

திருமேனி திட்டிப் பார்த்தான். மிரட்டிப் பார்த்தான். கூலியைக் கூட்டித் தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தான். சங்கிலி அசையவில்லை. "இந்தத் தண்ணியக் குடிச்ச மாடுங்க, ஐயா. இந்த வண்டிய இனிமே இழுக்காது."

செய்தி கேட்டு அரசனே குதிரையில் வந்தான். "மணல் போனால் என்ன? பெரிய குளம் ஒன்று வெட்டித் தருகிறேன். வழியை விடுங்கள்!"

"குளத்துத் தண்ணிய சூரியன் குடிச்சிருவான், மகாராசா. மணலுக்குள்ள இருக்கிற தண்ணிய அவனால எட்ட முடியாது" என்றாள் கொப்பாயி.

"காய்ந்த மணல் தண்ணீரைக் காக்குமாம்!" என்று திருமேனி கைதட்டினான். "அரசே, சோதித்தே பார்த்துவிடலாம்."

சோதனையின் விதி இப்படி முடிவாயிற்று. அரண்மனை முற்றத்தில் ஆளுயரத்தில் இரண்டு கல்தொட்டிகள். ஒன்று வெறும் தொட்டி. மற்றதில் விளிம்புவரை ஆற்றுமணல். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் காவலர் காக்க வேண்டும். அதுவரை ஆற்றில் வண்டி இறங்காது. வெறும் தொட்டியில் தண்ணீர் மிஞ்சினால், மூன்று ஊரும் தாங்களே மணலை அள்ளிக் கொடுத்துவிட்டு ஊரைக் காலி செய்ய வேண்டும். மணலில் மிஞ்சினால், ஆறு அவர்களுக்கு.

அந்தக் கோடையில் மேலூர்க் கோயில் கிணறு ஒன்றில்தான் கொஞ்சம் ஈரம் இருந்தது. அதில் ஊறியதை மூன்று ஊரும் பங்கிட்டுக் குடித்தன. திருமேனி வீரமலைக்கு ஆள் அனுப்பினான்: "இவர்களைவிட்டு விலகு. உன் ஊருக்கு மட்டும் கல்கிணறு வெட்டித் தருகிறேன்."

வீரமலை சொல்லியனுப்பினார்: "கீழூர்க்காரி சரின்னு சொன்னா எனக்கும் சரி. நீங்களே போய்க் கேளுங்க. அவ வாய்க்குத் தப்பிச்சு வந்தா மேலே பேசுவோம்."

திருமேனி போகவில்லை.

வைகாசி முடிந்தது. முற்றத்தில் மூன்று ஊரும் கூடிற்று. எல்லாருக்கும் முன்னால் விடியற்காலையிலேயே வந்து நின்றவன் திருமேனிதான். வெற்றியை முதலில் பார்க்கும் ஆசை அவனுக்கு. வெயிலில் உதடு வெடித்துப்போயிருந்தது.

வெறும் தொட்டியை எட்டிப் பார்த்தார்கள். வெடித்த பாசியும் ஒரு செத்த தவளையும் கிடந்தன. சொட்டுத் தண்ணீர் இல்லை.

"மணல் மட்டும் என்ன வாழ்ந்தது? தொட்டுப் பாருங்கள், சுடுகிறது!" என்றான் திருமேனி.

கொப்பாயி தொட்டியில் இறங்கித் தோண்டினாள். ஒரு முழம் தோண்டினாள், காய்ந்த மணல். இரண்டு முழம் தோண்டினாள்; அதுவும் காய்ந்த மணல். வீரமலை கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாம் முழத்தில் மணல் கறுத்தது. குளிர்ந்தது. குழியின் ஓரத்தில் கண்ணீர்போல் ஒரு கசிவு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழியின் அடி நிறைந்தது. கண்ணாடிபோல் தண்ணீர்!

பெண்கள் இட்ட குலவையில் அரண்மனைப் புறாக்கள் எல்லாம் பறந்தன.

கொப்பாயி முதல் சிரட்டையை மொண்டாள். அரசன் கையை நீட்டினான்.

"கொஞ்சம் பொறுங்க, மகாராசா. முதல்ல வந்து நின்னது இவருதான்" என்று சொல்லி அதைத் திருமேனியிடம் நீட்டினாள்.

திருமேனி இரண்டு கையாலும் வாங்கினான். ஒரே மூச்சில் குடித்தான். வெறும் சிரட்டையைத் திருப்பித் தரும்போது அவன் தலை தானாகத் தாழ்ந்தது. "குப்பை என்றேனே, அம்மா" என்றான்.

இரண்டாம் சிரட்டை அரசனுக்கு. மூன்றாவதைத் தொட்டியின் விளிம்பில் வைத்தாள், குருவிக்கு.

அரசன் சொல் தவறவில்லை. சேலையாற்றில் இனி எந்த வண்டியும் இறங்கக்கூடாது என்று அன்றே பறையறைந்தார்கள். முற்றத்தில் குவித்திருந்த மணலை ஆற்றுக்கே திருப்பிக் கொட்டச் சொன்னான். சங்கிலியும் மற்றவர்களும் கூலி வாங்காமல் ஓட்டினார்கள். மாளிகை முதல் அடுக்கோடு நின்றது. 'அரைமாளிகை' என்று ஊர் அதற்குப் பேர் வைத்தது. அரசனும் கடைசிவரை அதில்தான் குடியிருந்தான். மழைக்கு அது ஒழுகவும் இல்லை.

ஐப்பசியில் மழை பெய்தது. ஆறு ஓடியது. அடுத்த பங்குனியில் முழங்கை ஆழத்தில் மூன்று ஊரிலும் ஊற்று சுரந்தது. யார் ஊரில் முதலில் சுரந்தது என்று புதிதாக ஒரு சண்டை தொடங்கியது. அதுவும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போட்ட சண்டைதான்.

கேட்டவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: பக்கத்து ஊரின் ஆற்றுக்கு வந்த கேட்டைத் தங்களுக்கு வந்ததாக எண்ணிச் சேர்ந்து நிற்பவர்களே தங்கள் தண்ணீரைக் காப்பாற்றிக்கொள்வார்கள்.