எட்டு வினாடிக் காபி

பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற நீதிபதி ஞானசிகாமணி வீட்டுக்கு எஸ்பிரெஸோ மெஷின் வந்தது. காபியோ எட்டே வினாடியில், புளித்த தண்ணீராகக் கொட்டியது.

"மெஷின் இத்தாலியில செஞ்சது. தப்பு உன் கையிலதான். நாளைக்கும் இப்படி வந்தா வேலைக்கு வராதே, மரகதம்!"

சமையல்கார மரகதம் கேட்டாள்: "சாட்சியை விசாரிக்காமலே தண்டனையாய்யா?"

"சரி, விசாரி!"

காபித் தூளை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "எப்படியிருக்குய்யா?"

"ரவை மாதிரி."

"ரவையில தண்ணி நிக்குமா? ஓடத்தான் செய்யும். அரைச்சது யாருங்கய்யா?"

காபிக்கொட்டை அரைக்கும் மெஷினை அவர் யாரையும் தொடவிட்டதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த மெஷினின் திருகைத் திருப்பி நைசாக அரைத்தார். இருபத்தைந்து வினாடி, காபி தேன்போல இறங்கியது.

"தீர்ப்பையும் நீயே சொல்லிடு."

"குற்றவாளி தினமும் அரைச்சுக் கொடுக்கணும்யா. எனக்கும் ஒரு கப்பு சேர்த்து."