உறைமோர் கேட்டு வந்தவர்

"எங்க வீட்டுல எதுவும் புளிக்க மாட்டேங்குதும்மா. அழுகித்தான் போகுது."

இப்படிச் சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தவர் தாணுமூர்த்தி. தலை முழுக்க நரைத்தவர். அவர் தெருவில் நடந்தால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள்.

கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். மலையடிவாரத்தில் ஓட்டுக் கொட்டகை ஒன்றில் தனியாக இருந்தாள். எதையோ விட்டுவிட்டு வந்தவள் என்று மட்டும் ஊருக்குத் தெரியும். யார் போனாலும் முதலில் ஒரு குவளை மோர் கொடுப்பாள். அதனால் மோர்ச்சாமி என்று பெயர் வந்துவிட்டது.

அவருக்கும் கொடுத்தாள்.

அவர் குவளையை வாங்கிக் கீழே வைத்தார்.

"என்ன புளிக்கலை?"

"பழைய சோறு. தயிர். ரெண்டும்தான்."

"இந்த வயசுல எதுக்குக் கத்துக்கிறீங்க?"

"மகள் கேக்கா. ஆவுடைன்னு பேரு. வேற எதை வச்சாலும் வாயைத் திறக்க மாட்டேங்கா. பழைய சோறும் தயிரும்னா சாப்பிடுறேங்கா. கன்னம் ஒட்டிப்போச்சு. பார்க்க முடியலைம்மா."

"இதுக்கு முன்னாடி வீட்டுல பழைய சோறு கிடையாதா?"

"எங்க வீட்டுல அன்னன்னைக்கு வடிக்கிறதுதான். மிஞ்சினது மாட்டுக்கு."

"மாடு குடுத்து வச்சது."

அவர் சிரிக்கவில்லை.

"தயிர்?"

"என் சம்சாரம் இருந்தவரைக்கும் அவ பார்த்துக்கிட்டா. அவ காலமான பிறகு மகள். நான் அடுப்படிக்குள்ள போனதே கிடையாது."

"சரி. சோறு எப்படி ஊறப்போட்டீங்க?"

இதைக் கேட்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சுத்தமாத்தான் செஞ்சேன். பாத்திரத்தை வெந்நீர் விட்டுக் கழுவினேன். கிணத்துத் தண்ணியையும் கொதிக்க வச்சேன். சூடு ஆறுறதுக்குள்ள ஊத்தி இறுக்கி மூடினேன். மேல அம்மிக்குழவியைத் தூக்கி வச்சேன்."

மோர்ச்சாமிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"சோறு ஆறணும். பச்சைத் தண்ணி ஊத்துங்க. மண்சட்டி நல்லது. மேல ஒரு துணியைப் போட்டு மூடினா போதும். காத்து போகணும்."

"காத்துல என்னென்னமோ வருமே?"

"அதுதான் வரணும்."

அவர் முகத்தைச் சுளித்தார்.

அவள் உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் நீராகாரம் கொண்டுவந்தாள்.

"இதைக் குடிச்சுப் பாருங்க. புளிச்சதுக்கும் கெட்டதுக்கும் வித்தியாசம் தெரியணுமில்ல?"

"எனக்கு வேண்டாம்மா. பிள்ளைக்குத்தானே கேக்கேன்."

கிண்ணமும் குவளைக்குப் பக்கத்தில் தொடாமல் அப்படியே இருந்தது.

அவர் கிளம்பும்போது ஒரு சிரட்டையில் உறைமோர் கொடுத்தாள். காய்ச்சி ஆற வைத்த பாலில் இதை ஒரு கரண்டி விட்டால் விடிவதற்குள் தயிராகிவிடும் என்றாள்.

அவர் அதைத் துண்டின் நுனியால் பிடித்து வாங்கிக்கொண்டார்.

*

மறுபடி வந்தபோது வெயிலில் நடந்துவந்த கோபம் முகத்தில் இருந்தது.

"சோறு புளிச்சிட்டு. தயிர்தான் உறையலை. நீங்க குடுத்த மோர் சரியில்லை."

மோர்ச்சாமி கடைந்துகொண்டிருந்தாள்.

"மகள் சோத்தைச் சாப்பிட்டாளா?"

"தொட்டுப் பார்த்தா. தயிர் எங்கேன்னா. தள்ளி வச்சிட்டா."

"பாலைக் காய்ச்சினீங்களா?"

"காய்ச்சினேன்."

"ஆற வச்சீங்களா?"

"ஆற வச்சேன்."

"பிறகு?"

"மோரையும் ஒரு கொதி விட்டு எடுத்து ஊத்தினேன்."

மத்து நின்றது.

"மோரையா? எதுக்கு?"

"இங்க யார் யாரோ பால் கொண்டாந்து தாராங்க. எந்த வீட்டுப் பாலுன்னு நமக்கு எப்படித் தெரியும்? ஒரு கொதி விட்டா தீட்டு போயிரும்லா?"

"போயிருச்சு."

அவர் புரியாமல் பார்த்தார்.

"உயிரோட இருந்த பொருள் அது. கொதிக்க வச்சுட்டு உறையலைன்னு வந்திருக்கீங்க."

"எனக்குத் தெரியாதும்மா."

"இப்ப தெரிஞ்சிருச்சு. இனிமே காய்ச்சாம ஊத்துவீங்களா?"

அவர் துண்டை மடித்து மறுபடி தோளில் போட்டார்.

"மகளுக்குத்தானே. ஊத்துவேன்."

"அவளையே ஊத்தச் சொல்லலாமே? அவளுக்குக் கை வராதா?"

"ஏன் வராது? நல்லா வரும். கதவு..."

பாதியில் நிறுத்தினார்.

"கதவு?"

"வெளிய பூட்டியிருக்கு."

எங்கோ ஓர் ஆடு கத்தியது. மோர்ச்சாமி மத்தைக் கீழே வைத்தாள். அவரே சொன்னார்.

"ஆத்துக்கு அக்கரையில ஒருத்தனைக் கட்டிக்கிட்டா. மாசானம்னு பேரு. எங்க ஆளுங்க அந்தக் கரையில தண்ணிகூடக் குடிக்க மாட்டோம். எனக்கு உடம்புக்கு முடியலை, வந்து முகத்தைக் காட்டிட்டுப் போன்னு ஆள் அனுப்பினேன். ஓடி வந்தா."

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லை."

"பூட்டைத் திறங்க."

"திறந்தா போயிருவா."

"திறக்கலைன்னாலும் போயிருவா."

அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

அவர் அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"அவ கேக்கிறது எந்தத் தயிர்?"

"அக்கரையில அவ உறை ஊத்தி வச்சிருந்த தயிர். இங்க எந்த வீட்டுத் தயிரைக் குடுத்தாலும் மோந்து பார்த்துட்டுத் தள்ளிருதா."

"அது தெரிஞ்சுமா என்கிட்ட வந்தீங்க?"

"அங்க போகாம இருக்க வழி இருக்கான்னு பார்த்தேன்."

"நானும் பார்த்தேன். இல்லை."

*

வெயில் இருக்கும்போதே ஆற்றங்கரைக்குப் போனவர், மருதமர நிழலில் பொழுது சாயும்வரை நின்றார். குளிக்க வந்தவர்கள் எல்லோரும் போகட்டும் என்று இருந்தார்.

இருட்டத் தொடங்கியதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

மாசானத்தின் அம்மா பேச்சி விளக்கை ஏற்றி மாடத்தில் வைத்துவிட்டுத் திரும்பியபோது வாசலில் ஆள் நிற்பது தெரிந்தது.

"யாரது?"

"நான்தான். ஆவுடை அப்பா."

பேச்சி உள்ளே வரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை.

"கொஞ்சம் உறைமோர் வேணும்."

"என்னது?"

"உறைமோர். ஆவுடை ஊத்தி வச்சது."

"விளக்கு வச்சாச்சு. விளக்கு வச்ச பிறகு மோரு வெளிய குடுக்கிற வழக்கம் இங்க இல்ல."

"எங்க பக்கமும் இல்லதான். ஒரு கரண்டி போதும்."

"ஒரு சொட்டுன்னாலும் இல்ல."

"அவ சாப்பிடாம கெடக்கா."

பேச்சியின் கை நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டது.

உள்ளேயிருந்து மாசானம் குரல் கொடுத்தான்.

"குடுத்துரும்மா."

"நீ சும்மா கெடலே."

பிறகு அவரிடம் திரும்பினாள்.

"எம்மவன் உம்ம வாசல்ல வந்து நின்னான். பொண்டாட்டி முகத்தை ஒருதரம் பார்த்துட்டுப் போறேன்னு கேட்டான். அவன் நின்ன எடத்தைச் சாணி தெளிச்சுக் கழுவி விட்டீரு. இப்ப எங்க அடுக்களைக்குள்ள இருக்கிறது மட்டும் உமக்கு ஆகுமோ?"

அவர் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்து விட்டார்.

"இருட்டுல ஒளிஞ்சு வந்திருக்கீரு. விடியட்டும். வெளிச்சத்துல வாரும். தெரு பூரா பார்க்க வாரும். தாரேன்."

அவர் திரும்பி ஆற்றுக்குள் இறங்கினார்.

*

விடிந்ததும் போனார். தெரு முழுக்கப் பெண்கள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாக் கையும் அப்படியே நின்றது.

"ஏட்டி பேச்சி, சம்பந்தி வந்திருக்காரு. விருந்து இல்லையா?" என்றாள் ஒருத்தி.

"விருந்து எதுக்கு? மோரு குடிச்சாலே பெரிசு" என்றாள் இன்னொருத்தி.

சிரித்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

பேச்சி ஒரு சின்னத் தூக்குவாளியை நீட்டினாள்.

"அவ போனதுலேர்ந்து நான்தான் இதை விடாம ஊத்திட்டு வாரேன். எம்மவனுக்குக் கொஞ்சம், உறைக்குக் கொஞ்சம். உமக்கு உறை ஊத்தத் தெரியுமா?"

"இப்பத்தான் படிக்கேன்."

அன்று துண்டு அவர் தோளிலேயே கிடந்தது. கையால் வாங்கினார்.

*

மூன்றாவது முறையாக மலையடிவாரத்துக்கு வந்தவர் நின்றுகொண்டே பேசினார்.

"உறைஞ்சிட்டும்மா."

"நல்லது."

"பாலுக்குள்ள விரலை விட்டுச் சூடு பார்த்தேன். மோரைக் காய்ச்சலை. கட்டியா உறைஞ்சிட்டு. கலயத்தைச் சாய்ச்சாலும் அசையலை."

"உட்காருங்க. ஆவுடை சாப்பிட்டாளா?"

அவர் உட்காரவில்லை.

"பூட்டைத் திறந்து உள்ள கொண்டுபோய் வச்சேன். மோந்து பார்த்தா. கண்ணுல தண்ணி வந்துட்டு. எடுக்கப் போனவ அப்படியே கையை நிறுத்திட்டா. நீங்க ஒரு வாய் சாப்பிடுங்கப்பா, பிறகு நான் சாப்பிடுதேன்னா."

"சாப்பிட்டீங்களா?"

"கையில எடுத்தேன்."

"எடுத்து?"

"வாய்க்கிட்ட வரைக்கும் கொண்டுபோனேன். அங்க வந்து கை நின்னுட்டு. கொஞ்ச நேரம்தாம்மா. ஒரு மூச்சு விடுற நேரம். பிறகு சாப்பிட்டிருப்பேன்."

"அவ பார்த்துட்டா."

"பார்த்துட்டா."

"என்ன சொன்னா?"

"எதுவும் சொல்லலை. எந்திரிச்சா. சுவரைப் பிடிச்சுக்கிட்டே வாசலுக்கு வந்தா. ஆத்துல தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு கேட்டா. முழங்கால் அளவுன்னேன். அவ்வளவுதான் பேசினோம்."

"தடுக்கலையா?"

"எந்த முகத்தோட தடுக்க?"

"போய்ச் சேர்ந்தாளா?"

"பாதி ஆத்துல மாசானம் வந்து பிடிச்சுக்கிட்டான். இக்கரையில நின்னு பார்த்துட்டு இருந்தேன். அவ திரும்பிப் பார்ப்பான்னு நெனச்சேன்."

மோர்ச்சாமி மத்தை எடுத்துக் கடையத் தொடங்கினாள்.

"வீட்டுக்கு வந்தேன்" என்றார் அவர். "கலயம் வச்ச எடத்துலயே இருந்தது. அவளும் சாப்பிடலை, நானும் சாப்பிடலை. உட்கார்ந்து சாப்பிட்டேன்."

"எப்படி இருந்தது?"

அவர் இப்போதுதான் உட்கார்ந்தார்.

"என் சம்சாரம் வைக்கிற தயிரும்மா அது."

மோர்ச்சாமி நிமிர்ந்து பார்த்தாள்.

"அதே புளிப்பு. அதே வாசனை. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவ கையால சாப்பிட்டவன், எனக்குத் தெரியாதா? ஆவுடை வீட்டை விட்டுப் போறப்ப அவ அம்மா மோரைத்தான் எடுத்துட்டுப் போயிருக்கா. அவ போன கோவத்துல அடுப்படியில சட்டி கலயம் ஒண்ணு பாக்கியில்லாம சாம்பல் போட்டுத் தேய்க்கச் சொன்னேன். எங்க வீட்டுல இருந்த உறை அன்னைக்கே போயிருக்கு. அங்க மட்டும்தான் இருந்திருக்கு. நான் அதைப் போய் அக்கரைத் தயிர், அக்கரைத் தயிர்னுட்டு இருந்திருக்கேன்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முதல் வாய்லயே தெரிஞ்சிட்டும்மா. பிறகு நிறுத்த முடியலை. கலயத்தைச் சாய்ச்சு வச்சு வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டேன்."

மத்து நின்றது.

"உறைக்குக் கொஞ்சம் வச்சீங்களா?"

தாணுமூர்த்தி தன் வலது கையை விரித்துப் பார்த்தார்.

கலயத்தைப் போலவே விரல்களும் சுத்தமாக இருந்தன.