சுழி சுத்தமான குதிரை

அந்தியூர்ப் பக்கம் குதிரை பழக்கும் பாவாயியின் வீட்டு வாசலுக்கு ஒருநாள் காலையில் சென்னியப்பன் வந்து சேர்ந்தார். சொந்தக் குதிரை வைத்திருப்பவர்தான். ஆனாலும் நடந்துதான் வந்தார். குதிரை நாலு முழம் தள்ளிப் பின்னால் வந்தது.

அவருக்கு அறுபத்தொரு வயது. பாவாயிக்கு முப்பத்து நாலு. கற்றுக்கொள்ள வந்தவர் மூத்தவர், கற்றுக்கொடுப்பவள் இளையவள் என்பதில் இருவருக்கும் கூச்சமில்லை.

"அம்மிணி, இந்தக் குதிரை எனக்குப் பொருந்துமா, பொருந்தாதா? அதை மட்டும் சொல்லிப்போடு."

"என்னாச்சுங்கய்யா?"

"தள்ளி விட்டுருச்சு. ஏழு மாசமாச்சு. எலும்பு கூடிருச்சு. ஏறலாம்னு பக்கத்துல போனா காலு நடுங்குது."

"எங்க தள்ளுச்சு?"

"வாய்க்கா மேட்டுல. கோயில் குதிரைக மேயுமே, அந்த எடம். வீட்டுப் பக்கம் திருப்புனேன். திரும்ப மாட்டேன்னுது. இழுத்தேன். அவ்வளவுதான், நான் வாய்க்காலுக்குள்ள கெடந்தேன்."

பாவாயி குதிரையின் பக்கம் திரும்பினாள். அவரோ விடுவதாக இல்லை. போன ஆடிச் சந்தையில் இதை வாங்கும்போது மூன்று தரகர்களை வைத்துச் சுழி பார்த்திருந்தார். குதிரையின் உடம்பில் முடி எங்கெங்கே சுழித்திருக்கிறது என்று பார்த்து, இது குடும்பத்தை வாழவைக்கும், இது கவிழ்த்துவிடும் என்று சொல்வார்கள். மூன்று பேரும் ஒரே குரலில் சுத்தம் என்றார்கள். விழுந்து எழுந்த பிறகு மனிதர் வாலைத் தூக்கியும் பார்த்திருக்கிறார். உதை வாங்காமல் தப்பியது அவர் செய்த புண்ணியம்.

"வாலுக்கடியிலயும் சுத்தம், அம்மிணி."

"அப்பச் சுழி தள்ளலீங்க," என்றாள் பாவாயி.

சந்தைக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. தரகர் ஒருவர் வந்து குதிரையை விலைக்குக் கேட்டுவிட்டுப் போயிருந்தார். கொடுத்துவிடலாம். ஆனால் கொடுத்துவிட்டால் வீட்டில் பேச ஆளில்லை. சென்னியப்பனின் மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. மூன்று வருஷம் சுவரோடு பேசினார். அப்புறம்தான் குதிரை வாங்கினார். மழை, வயிற்றுவலி, பக்கத்துக் காட்டுக்காரனின் அழிச்சாட்டியம் எல்லாவற்றையும் அதனிடம்தான் சொல்வார். விழுந்த நாளிலிருந்து அந்தப் பேச்சும் லாயத்துக்கு வெளியே நின்றுதான். புல்லைக்கூடக் கோலால் தள்ளிவிட்டார்.

"இது இங்க நிக்கட்டும். நீங்க தெனம் காலைல வாங்க," என்றாள் பாவாயி.

அவளிடம் ஐந்து குதிரைகள் இருந்தன. ஆறாவதாக இதையும் அவற்றோடு விட்டாள். சென்னியப்பனைக் கிழட்டுப் பெட்டைக் குதிரை ஒன்றின் அருகில் நிறுத்தினாள்.

"கழுத்துல கைய வையுங்க. மூச்சு விடுங்க."

"விட்டுட்டுத்தான இருக்கறேன்?"

"இல்லீங்க. புடிச்சு வெச்சிருக்கறீங்க."

முதல் இரண்டு நாள் அவ்வளவுதான். மூன்றாம் நாள் அந்தப் பெட்டையின் மேல் ஏறினார். ஏறியவர் கடிவாள வாரைப் பிடித்த பிடியில் விரல் நகமெல்லாம் வெளுத்துவிட்டது. பாவாயி வாரை வாங்கிக்கொண்டு, அவர் மடியில் ஒரு படி வேர்க்கடலையைக் கொட்டினாள்.

"உரிச்சுத் தின்னுட்டே வாங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

"விழுந்துட்டா?"

"கடலை போச்சுன்னு நெனச்சுக்குவேன்."

அவர் உரித்தார், தின்றார், தோலை ஊதினார். ஒரு சொத்தைக் கடலைக்கு முகத்தைச் சுளித்தார். களத்தை மூன்று சுற்று வந்தபோது குதிரை நடையை விட்டு ஓட்டத்துக்கு மாறியிருந்தது. அது அவருக்குத் தெரியவே இல்லை. தெரிந்தபோது சிரித்துவிட்டார். வெகுநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு என்பதால் பாதியில் இருமலாகிவிட்டது.

ஏழாம் நாள் தன் குதிரையிலேயே ஏறினார். மற்றக் குதிரைகள் சுற்றி மேய்ந்துகொண்டிருந்தன. சொன்ன இடத்தில் திரும்பியது, சொன்ன இடத்தில் நின்றது. இறங்கி அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பாவாயி வேறு பக்கம் பார்த்தாள்.

"இனி எனக்குப் பயமில்ல, அம்மிணி. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"போங்க."

சவாரியாகவே போனார்.

மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தார். இப்போதும் நடந்துதான் வந்தார். ஆனால் இந்த முறை குதிரை முன்னால் வந்தது, அவர்தான் பின்னால் இழுபட்டு வந்தார்.

"மறுபடியும் தள்ளிருச்சுங்களா?"

"தள்ளல. தள்ளியிருந்தாக்கூடத் தேவல. எங்க வாசல்ல வந்து நின்னுருச்சு. உள்ள வர மாட்டேன்னுது. வெல்லம் காட்டுனேன், கெஞ்சுனேன். எப்படியோ லாயத்துக்குள்ள விட்டேன். விடிஞ்சு பாத்தா வெச்ச புல்லு வெச்சபடியே கெடக்குது. இந்தத் தெசையப் பாத்துட்டுக் கத்திக்கிட்டே நிக்குது."

"ம்."

"நானும் எல்லாம் பேசிப் பாத்தேன், அம்மிணி. எப்பவும் பேசற மாதிரியே."

பாவாயி குதிரையைப் பார்த்தாள். அது வேலிக்கு மேலாகத் தலையை நீட்டி, கிழட்டுப் பெட்டையின் முதுகில் தாடையை வைத்திருந்தது.

"நாளான்னிக்குச் சந்தை," என்றார் சென்னியப்பன். "தரகருக்கு இன்னிக்குச் சொல்லோணும். இங்க ஏறுனாப் பொருந்துது. வீட்டுக்குப் போனாப் பொருந்தல. ரெண்டும் ஒரே குதிரை, ரெண்டும் ஒரே நான். எனக்கு ஒண்ணும் வெளங்கல."

"உங்க வீட்டுல யாரு இருக்கறாங்க?"

"தெரியாத மாதிரி கேக்கறியே. நான் ஒருத்தன்தான்."

"லாயத்துல?"

"அது ஒண்ணுதான்."

பாவாயி வேலிப் படலைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். குதிரை உள்ளே போயிற்று. சென்னியப்பன் வெளியிலேயே நின்றார்.

"நீங்க தனியா இருக்கறீங்கன்னு இதை வாங்குனீங்க," என்றாள். "இது தனியா நிக்குதேன்னு எதை வாங்குனீங்க?"

சென்னியப்பன் படலைத் தாண்டி உள்ளே போய், கிழட்டுப் பெட்டையின் கழுத்தில் கையை வைத்தார்.